கியாரண்டி பஸ்

சரவணமுத்து பஸ் வாங்கியபோது நாமகிரிப்பேட்டையே மூக்கில் விரலை வைத்தது. மஞ்சள் விளைந்த கிணற்றுக்காட்டை விற்றுவிட்டு, சக்கரம் வைத்த தகரக் கொட்டகையை எவனாவது வாங்குவானா? கேட்டவர்களுக்கெல்லாம் அவன் ஒரே பதிலைத்தான் வைத்திருந்தான். "கியாரண்டி இருக்குதுங்க."

கியாரண்டி என்றால் என்னவென்று சேலத்து ஏஜெண்டு அவனுக்கு விளக்கியிருந்தார். மூன்று மாதத்துக்குள் எஞ்சின் தானாகக் கெட்டால் கம்பெனி சும்மா வேறு எஞ்சின் தரும். நாம் கையை வைத்துக் கெடுத்தால் தராது. "ஒரு திருகாணியக்கூட மாத்தாதீங்க" என்று ஏஜெண்டு சொன்னார். சரவணமுத்து தலையை ஆட்டினான். அந்தத் தலை யார் எதைச் சொன்னாலும் ஆடும் தலை.

இரண்டாம் வாரமே திருகாணி என்ன, ஒரு தொட்டியும் குழாயுமே எஞ்சினில் புதிதாக ஏறிவிட்டன. யோசனை அவனுடைய மைத்துனன் சின்னண்ணனுடையது. பெண்டாட்டி நல்லம்மாளின் தம்பி, பஸ்ஸுக்கு டிரைவரும் அவன்தான். சேலம் செவ்வாய்ப்பேட்டையில் லாரிக்காரர்கள் பெட்ரோலில் கிளப்பி, எஞ்சின் சூடானதும் விலை குறைந்த சீமெண்ணெய்க்கு மாற்றிவிடுகிறார்கள் என்று கண்டுகொண்டு வந்தான். புகை போகிற குழாயைச் சுற்றிச் செம்புக் குழாய் ஒன்றை வளைத்து, சீமெண்ணெயை அதிலே சுடவைத்து எஞ்சினுக்குள் விடுவது. அவ்வளவுதான் வித்தை.

"கியாரண்டி போயிருமே மாப்ள" என்று சரவணமுத்து ஒரு பேச்சுக்குக் கேட்டான்.

"கம்பெனிக்காரன் மெட்ராசுல இருக்கறானுங்க மாமா. அவனுக்கென்ன இங்க மூக்கா இருக்குது?"

மூக்கு இருந்த ஊர்க்காரர்கள்தான் பாவம். பஸ்ஸில் ஏறி சேலம் போய் இறங்குகிறவர்கள் மேலெல்லாம் விளக்கு வாடை வீசியது. சந்தைக்குப் போன பெண்கள் அதற்கு விளக்கு வண்டி என்று பேர் வைத்தார்கள். வைத்தால் வைக்கட்டும், ஏறத்தானே செய்கிறார்கள் என்று சரவணமுத்து மீசையைத் தடவிக்கொண்டான். வண்டி புகையைக் கக்கிக்கொண்டு ஒரு குறையும் இல்லாமல் ஓடியது.

ஒரு திங்கட்கிழமை, ராசிபுரத்துக்கு இப்பால், வண்டி நிறைய ஆட்கள் இருக்கும்போது எஞ்சினுக்குள் வெடி போட்ட மாதிரி ஒரு சத்தம் கேட்டது. சின்னண்ணன் பிரேக்கை மிதித்து வண்டியைப் புளியமரத்தை ஒட்டி நிறுத்தினான். இறங்கிப் பார்த்தால் எஞ்சினின் விலாவில் கை நுழைகிற அளவுக்கு ஓட்டை. எண்ணெய் ரோட்டில் குளம் கட்டி நின்றது. ஒருவருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. அது மட்டும்தான் அன்றைக்கு அவர்கள் செய்த புண்ணியம்.

இரண்டு ஜோடி மாடு கட்டி பஸ்ஸை ஊருக்குள் இழுத்து வந்தார்கள். சரவணமுத்து பின்னாலேயே நடந்து வந்தான். பிணத்துக்குப் பின்னால் நடக்கிறவன்கூட அப்படித் தலையைத் தொங்கப்போட்டு நடக்கமாட்டான். காடு போய்விட்டது. பஸ் ஒன்றுதான் பிழைப்பு. அது நின்றே கிடந்தால் சர்க்கார் சேலம் தடத்தைப் பிடுங்கி அடுத்தவனிடம் கொடுத்துவிடும். ராசிபுரத்தில் ஒருவன் அதற்காகவே நாக்கைச் சப்புக்கொட்டிக்கொண்டு காத்திருந்தான். கம்பெனி வேறு எஞ்சின் கொடுத்தால் குடும்பம் பிழைக்கும், கொடுக்காவிட்டால் தெருவில் நிற்கும். நடுவில் வேறு வழி கிடையாது.

ஏஜெண்டுக்குச் சொல்லி அனுப்பினார்கள். வெள்ளிக்கிழமை மெட்ராசிலிருந்து கம்பெனி என்ஜினீயரே வந்து பார்ப்பார் என்று பதில் வந்தது. அதைக் கேட்டதும் சரவணமுத்து மைத்துனனை பஸ்ஸடிக்கு இழுத்துக்கொண்டு ஓடினான்.

"மாப்ள, அந்தச் சனியன மொதல்ல கழட்டு."

சின்னண்ணன் தொட்டியையும் செம்புக் குழாயையும் கழற்றினான். சரவணமுத்து அவற்றைக் கோணியில் சுற்றிச் சோளத்தட்டுப் போருக்குள் கொண்டுபோய்த் திணித்தான். புகைக்கரி படிந்த இடத்தையெல்லாம் நல்லம்மாள் புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்தாள். பொங்கலுக்குப் பாத்திரம் விளக்குகிற கை. எஞ்சின் மாமியார் வீட்டுக்குப் போகிற குத்துவிளக்கு மாதிரி பளபளவென்று ஆகிவிட்டது.

பிறகு சின்னண்ணன் எஞ்சினின் அடித்தட்டைக் கழற்றி உள்ளே கையை விட்டான். முழங்கை நீளத்து இரும்பு ஒன்று இரண்டாக முறிந்து வெளியே வந்தது. பிஸ்டனைப் பிடித்து ஆட்டுகிற கைதான் அது. கனெக்டிங் ராடு என்பார்கள். முறிந்த முகத்தைத் துடைத்துப் பார்த்தவன் முகம் செத்துப்போயிற்று.

"மாமா, இதப் பாருங்க. பாதி வெள்ளையா இருக்குது. பாதி கரியேறிக் கெடக்குது. சீமெண்ணெப் பொகை இரும்புக்குள்ளயே பூந்துபோட்டுதுங்க."

சரவணமுத்து குனிந்து பார்த்தான். முறிந்த இடம் ஒரு பாதி புதுக்காசு மாதிரி மின்னியது. மறுபாதி அடுப்புக்கல் மாதிரி கறுத்துக் கிடந்தது. வெளியே தேய்த்துக் கழுவி என்ன பிரயோசனம்? இந்தக் கறுப்பைக் கண்டால் என்ஜினீயர் அடுத்த நிமிஷமே வண்டி ஏறிவிடுவாரே.

அப்போதுதான் நல்லம்மாள் கையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றாள்.

"ஏனுங்க, அந்த இரும்பு ஊட்டுல இருக்கக் கூடாதுங்க."

அவள் பக்கத்து வழக்கம் அது. வண்டி குடை சாய்ந்து, அச்சு முறிந்து, ஆனால் உயிர்ச்சேதம் இல்லாமல் தப்பினால், முறிந்த இரும்பை முனியப்பனுக்குக் கொடுத்துவிட வேண்டும். ஆசாரியிடம் கொடுத்து வேலாக அடித்து, பொங்கல் வைத்து, கோயில் முன்னால் நட்டுவிடுவார்கள். ஊர் எல்லையில் முனியப்பன் முன்னால் நிற்கிற வேல்களில் பாதி ஒரு காலத்தில் யாராவது ஒருவருடைய வண்டி அச்சுதான். மாட்டு வண்டிக்கு இருக்கிற வழக்கம் மோட்டாருக்கு மட்டும் இல்லாமல் போகுமா?

"பஸ்ஸு நெறைய சனம். ஒருத்தருக்கும் ஒண்ணும் ஆகல. அன்னைக்கே நேந்துகிட்டனுங்க" என்றாள்.

வேறு நாளாக இருந்தால் சரவணமுத்து, இருக்கட்டும், அப்புறம் பார்க்கலாம் என்றிருப்பான். அன்றைக்கு அவள் சொன்னது காதில் தேன் வார்த்த மாதிரி இருந்தது. சாமிக்குச் சாமியும் ஆயிற்று, கரி பிடித்த இரும்பு கண்ணிலிருந்து மறைந்த மாதிரியும் ஆயிற்று. முனியப்பனே பார்த்து வழி காட்டுகிறான் என்று நினைத்துக்கொண்டான். மனுஷன் பயந்துவிட்டால் சாமியைக்கூடக் கூட்டுச் சேர்த்துக்கொள்வான்.

பெரியசாமி ஆசாரியின் உலையில் இரண்டு துண்டும் ஒன்றாகச் சேர்ந்தன. ஒன்று காம்பு, ஒன்று இலை. "சீமை இரும்பு, அடிக்க அடிக்கக் கைய வலிக்குது" என்று ஆசாரி அலுத்துக்கொண்டார். கறுத்த முகம் நெருப்பில் சிவந்து சுத்தியலுக்கு அடியில் நசுங்கிக் காணாமல் போகிறவரை சரவணமுத்து பக்கத்திலேயே நின்று பார்த்தான். வியாழக்கிழமை சேவல் அறுத்து, பொங்கல் வைத்து வேலை நட்டார்கள். நெஞ்சிலிருந்து பாரம் இறங்கி, நாலு நாளைக்கு அப்புறம் அன்றுதான் அவன் வயிறாரச் சாப்பிட்டான்.

வெள்ளிக்கிழமை என்ஜினீயர் ஏஜெண்டின் காரில் வந்து இறங்கினார். தேவநாதன் என்று பேர். காக்கிக் கால்சட்டை, மூக்குக் கண்ணாடி, அதிகம் பேசாத ஆள். பஸ்ஸின் முன்மூடியைத் தூக்கிப் பார்த்தார்.

"எஞ்சினை யார் விளக்கினது?"

நல்லம்மாள் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

அவர் ஒரு பிளக்கைக் கழற்றி மூக்கருகே கொண்டுபோனார். குனிந்து புகைக்குழாயை விரலால் தடவினார். செம்புக் குழாய் சுற்றியிருந்த தடம் புளி போட்டுத் தேய்த்தும் போகாமல் அங்கே வளையம் வளையமாக இருந்தது.

"சீமெண்ணெய்ல ஓட்டியிருக்கீங்க."

சரவணமுத்து நாலு பேர் முன்னால் அவர் காலிலேயே விழுந்துவிட்டான்.

"சாமி, தப்பு நடந்துபோச்சுங்க. பெட்ரோலு கட்டுபடியாகலீங்க. இந்த ஒரு வாட்டி மன்னிச்சுப்போடுங்க. காட்ட வித்து வாங்குன வண்டிங்க."

"எழுந்திருங்க, எழுந்திருங்க" என்று அவர் பதறிப் பின்வாங்கினார். "இதுக்கு எதுக்கு இதெல்லாம்? இந்த ஜில்லாவிலே பாதி வண்டி சீமெண்ணெய்லதான் ஓடுது. எனக்குத் தெரியாதா?"

சரவணமுத்து எழுந்தான். காதில் விழுந்தது சரிதானா என்று மைத்துனனைப் பார்த்தான்.

"ஏனுங்க, கை வெச்சா கியாரண்டி இல்லீனு சொன்னாங்களே" என்று சரவணமுத்து கேட்டான்.

"நீங்க மாத்தினதால எது கெட்டதோ அதுக்குக் கிடையாது. பிளக் கரி பிடிச்சிருக்கு, அது உங்க கணக்கு. பேரிங் தேஞ்சிருந்தா அதுவும் உங்க கணக்கு. ஆனா எஞ்சினோட விலா ஓட்டையானது ராடு முறிஞ்சதால. சீமெண்ணெய் ஊத்தினா ராடு நடுவிலே முறியாது. அது எங்க தப்பு."

முறிந்தது கம்பெனியின் தப்பு. நல்லம்மாள் முனியப்பன் இருந்த திக்கைப் பார்த்துக் கும்பிட்டாள். நான்கு நாளாகப் பட்ட பாடு எதற்கென்று நினைத்துச் சரவணமுத்துவுக்குச் சிரிப்புக்கூட வந்தது.

தேவநாதன் கைக்குட்டையால் விரலைத் துடைத்துக்கொண்டே சொன்னார். "உங்க வண்டியோட சேர்ந்து வந்த எஞ்சின்கள்ல சிலதுக்கு ராடு உள்ளேயே விரிசலோட இருக்கு. இது எனக்கு மூணாவது வண்டி. புது எஞ்சின் சேலம் ரயிலடியிலே பெட்டியிலே தயாரா இருக்கு. முறிஞ்ச ராடை மட்டும் குடுங்க, கையோட எடுத்துப்போய் கம்பெனிக்குக் காட்டணும். அது இல்லாம அவங்க கையெழுத்துப் போட மாட்டாங்க."

சின்னண்ணன் மாமாவைத் திரும்பிப் பார்த்தான்.

"முறிஞ்ச முகத்தைப் பார்த்தாலே தெரிஞ்சுடும்" என்று அவர் தொடர்ந்தார். "பழைய விரிசல் இருந்த பக்கம் கறுத்துப்போயிருக்கும். கடைசியிலே பட்டுனு முறிஞ்ச பக்கம் வெள்ளையா இருக்கும். பாதி கறுப்பு, பாதி வெள்ளை. நீங்க பார்த்தீங்களா?"

பார்த்தீங்களா என்று கேட்டார். அந்தக் கறுப்பு சரவணமுத்துவின் கண்முன்னாலேயே நின்றது. கம்பெனியின் குற்றத்துக்கு இருந்த ஒரே சாட்சியைத் தன் குற்றம் என்று நினைத்து, உலைக்கு முன்னால் காவல் நின்று நசுக்க வைத்தவன் அவன்தானே.

"எங்கே வெச்சிருக்கீங்க?"

சின்னண்ணன் கையை நீட்டி ஊர் எல்லையைக் காட்டினான்.

முனியப்பன் கோயிலுக்கு நடந்து போனார்கள். புது வேல் மற்ற வேல்களுக்கு நடுவில் தனியாகத் தெரிந்தது. மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, நுனியில் எலுமிச்சம்பழம் குத்தியிருந்தது. தேவநாதன் செருப்பைக் கழற்றிவிட்டு அதன் அருகே போய்க் குனிந்தார். மேலிருந்து கீழ்வரை பார்த்தார். ஆசாரியின் சுத்தியல் தடம் தவிர அதில் ஒன்றும் இல்லை.

நல்லம்மாளுக்கு அப்போதும் நம்பிக்கை விடவில்லை. "ஏனுங்க, சாமிகிட்ட உத்தரவு கேட்டுட்டுப் புடுங்கித் தரட்டுங்களா? அதே இரும்புதானுங்க."

"அதே இரும்புதான்மா" என்றார் அவர். "ஆனா இதை வெச்சு நான் எதைக் காட்டறது? வேலைக் கொண்டுபோய் மேஜை மேல வெச்சா, சீமெண்ணெய்ல ஓட்டினவன் எதையோ மறைச்சிருக்கான்னுதான் சொல்வாங்க. நான் எவ்வளவு சொன்னாலும் எடுபடாது."

அவர் குரலில் கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால் சரவணமுத்துவுக்குத் தேவலாம் போலிருந்தது. திட்டு வாங்கினால் திருப்பிக் கெஞ்சலாம். இந்த மனுஷர் வருத்தப்படுகிறாரே, இவரிடம் எதைச் சொல்லிக் கெஞ்சுவது என்று அவனுக்குத் தெரியவில்லை.

வீட்டுக்குத் திரும்பியதும் சரவணமுத்து நேராகச் சோளத்தட்டுப் போருக்குப் போனான். கையை உள்ளே விட்டு அந்தக் கோணியை இழுத்துப் பிரித்தான். செம்புக் குழாயும் தொட்டியும் ஒரு நசுங்கல்கூட இல்லாமல் இருந்தன. அவற்றைத் தூக்கிக்கொண்டு வந்து என்ஜினீயரின் காலடியில் வைத்தான்.

"இத மறைக்கத்தானுங்க அத அழிச்சேன்."

தேவநாதன் குனிந்து குழாயைக் கையில் எடுத்தார். வளைவுகளைத் தடவிப் பார்த்தார். வாய் வைத்து ஊதிப் பார்த்தார்.

"நல்ல வேலை. சுத்தமா செஞ்சிருக்காங்க. இதனால ஒரு கெடுதலும் இல்லை. மறுபடியும் மாட்டிக்கலாம்."

நல்லம்மாள் வாசலில் நின்ற பஸ்ஸைப் பார்த்தாள். முன்மூடி திறந்தே கிடந்தது. உள்ளே அவள் விளக்கி வைத்த எஞ்சின் விலாவில் ஓட்டையோடு பளபளத்தது.

"எதுலீங்க மாட்டறது?" என்று கேட்டாள்.

என்ஜினீயர் குழாயை மெதுவாகக் கோணியின் மேல் வைத்துவிட்டு, காரில் ஏறப் போனார்.