வாசுகியை யாரும் கூப்பிடக் கூடாது

பக்கவாதம் வந்து என் வலது கை பேச்சைக் கேட்காமல் போனதிலிருந்து, இரண்டு வருடமாக வாசுகி வாரத்தில் மூன்று நாள் கூலாயில் இருக்கும் என் வீட்டுக்கு என்னைப் பார்த்துக்கொள்ள வருகிறாள். எந்த ஏஜென்சியிலும் சேராதவள். வேலை தேடுவது, நேரம் பேசுவது எல்லாம் அவளே. பண்டார் தெங்காராவிலிருந்து முக்கால் மணி நேரம் மோட்டார் சைக்கிள் ஓட்டி வருவாள். மகள் ஜோஆன் விடியும் முன்பே எல்லை தாண்டி சிங்கப்பூர் வேலைக்குக் கிளம்பிவிடுவதால், பகலில் என்னிடம் பேசுகிற ஒரே மனித ஜென்மம் இவள்தான்.

போன மாதம் ஒரு திங்கட்கிழமை தன் போனை என்னிடம் நீட்டினாள். பராமரிப்பாளர்கள் தங்களைப் பற்றி எழுதிப் போடுகிற ஓர் இணையத்தளமாம். அங்கே இருந்தவர்கள் அத்தனை பேரும் அன்பானவர்கள், பொறுமையானவர்கள், சேவையே உயிர் என்பவர்கள். யாரைப் படித்தாலும் ஒரே ஆளைப் படிப்பது மாதிரி இருந்தது.

"முழு வாரத்துக்கும் ஒரே வீடு கெடச்சா நல்லாருக்கும் அங்கிள். தோட்டத்து ஆபீஸ்ல முப்பது வருசம் கணக்கு எழுதுற கிராணியா இருந்தவரு நீங்க, என்னைப் பத்தி நல்லா எழுதிக் குடுங்க லா," என்றாள்.

முழு வாரம் என்றால் எனக்கு ஒரு நாளும் இல்லை. பயந்துவிட்டேன், மறைப்பானேன். ஆனால் முகத்தில் ஒன்றும் காட்டாமல் போனை வாங்கி, இடது கை ஒற்றை விரலால் தட்ட ஆரம்பித்தேன்.

'வாசுகி. ஆறு வருட அனுபவம். சட்டைப் பொத்தானைப் போட்டுவிட மாட்டார். நீங்களே போட்டு முடிக்கும்வரை எதிரே உட்கார்ந்து பார்ப்பார். சர்க்கரை டப்பாவை ஒளித்து வைப்பார். காலையும் மாலையும் நடக்கச் சொல்லி உயிரை வாங்குவார். நீங்கள் திட்டினால் திருப்பித் திட்டுவார். அழுதாலும் விடமாட்டார்.'

ஒரு பொய் கிடையாது. இதைப் படித்துவிட்டு எந்த நோயாளி இவளைக் கூப்பிடுவான்? வாசுகி நிதானமாகப் படித்தாள். என்னை ஒரு பார்வை பார்த்தாள். "சரி அங்கிள்," என்று ஓர் எழுத்தையும் மாற்றாமல் போட்டுவிட்டாள். அன்று மத்தியானம் நன்றாகத் தூங்கினேன்.

புதன்கிழமை அவள் ஹெல்மெட்டைக் கழற்றும் முன்பே அவள் போன் அடித்தது. வெள்ளிக்கிழமைக்குள் பதினோரு பேர். அதைப் படிப்பது நோயாளி இல்லை, நோயாளியின் பிள்ளைகள் என்பது என் கிராணி மூளைக்கு எட்டவே இல்லை. அப்பனை எப்படியாவது எழுப்பி நடக்க வைக்க ஆள் தேடுகிறவர்களுக்கு, நான் குறை என்று எழுதியதெல்லாம் தேனாக இனித்திருக்கிறது. என் தலையில் நானே மண்ணைப் போட்டுக்கொண்டேன்.

அந்த வெள்ளிக்கிழமையே வாசுகி விஷயத்தைச் சொன்னாள். அவள் ஊரிலேயே ஒரு வீடு. ஷர்மினி என்ற பெண்ணின் அப்பாவைப் பார்த்துக்கொள்ள வேண்டும், திங்கள் முதல் சனி வரை. இவள் வீட்டிலிருந்து ஐந்தே நிமிடம். ஆனால் இவளை ஏற்கெனவே வேலைக்கு வைத்திருக்கும் ஒருவரிடம் விசாரித்த பிறகுதான் முடிவு சொல்வார்களாம்.

"உங்க நம்பரக் குடுத்துட்டேன். மூணு மணிக்குக் கூப்பிடுவாங்க. என்ன சொல்றதுங்கறது உங்க இஷ்டம்," என்று சொல்லிவிட்டு, துவைத்த போர்வையைக் காயப்போட வெளியே போய்விட்டாள்.

எனக்கென்ன, பொய்யா வராது? நேரத்துக்கு வரமாட்டாள், சதா போனும் கையுமாக இருப்பாள், வீட்டில் சாமான் காணாமல் போகிறது. இதில் ஒன்று போதும். மூன்றையும் மனசுக்குள் சொல்லிப் பார்த்துத் தயாராக இருந்தேன். சரியாக மூன்று மணிக்குப் போன் அடித்தது.

அந்தப் பெண்ணின் குரலே களைத்திருந்தது. "அங்கிள், அதுல எழுதியிருக்கறதெல்லாம் உண்மையா? அப்பா விழுந்து இடுப்பு ஒடஞ்சி ரெண்டு மாசம் ஆச்சு. நடக்கலாம்னு டாக்டர் சொல்லிட்டாரு. இவருதான் கட்டில விட்டு எறங்கவே மாட்டேங்கறாரு."

ஜன்னல் வழியே பார்த்தேன். வாசுகி எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு போர்வையை உதறிக்கொண்டிருந்தாள். தயாராக வைத்திருந்த மூன்று பொய்யில் ஒன்றுகூட வாயில் வரவில்லை. ஜோஆனும் இப்படித்தான் ஒரு நாள் எனக்காக யாரிடமோ போனில் கெஞ்சியிருப்பாள் என்று தோன்றியது.

"எல்லாம் உண்மைதான்மா, எழுதுனதே நான்தான்," என்றேன். "மொத வாரம் உங்கப்பா வாசுகிய வாய்க்கு வந்தபடி ஏசுவாரு. நீ காதுல வாங்காத."

அவள் நன்றி சொல்லிக்கொண்டே போனாள். அவள் போனை வைப்பதற்குள் அவசரமாகச் சொன்னேன்.

"திங்கள்லேருந்து வெள்ளி வரைக்கும் நீ எடுத்துக்க. சனிக்கிழமைய மட்டும் நான் தரமாட்டேன்."