நாலாம் நம்பர் பாட்டில்

மூன்றாவது பாட்டிலைத் தூக்கி அலமாரியின் மேல் வைத்துவிட்டு நாலாவதில் கை வைத்த லவினா அதன் லேபிளைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பின்னாலிருந்து பக்கத்து வீட்டு ஜெயசீலி அக்கா அவசரப்படுத்தினாள்.

“சீக்கிரம்டி. ஃப்ரீசர் பொட்டி வண்டி வந்து நின்னுகினு கீது. இந்த சேத்தெல்லாம் பின்னாடி கொட்டிடட்டுமா?”

“வேணாங்க்கா. நானே எடுக்கறேன்.”

ஃப்ரீசர் பெட்டிக்குத் தோதான பிளக் அந்த வீட்டில் ஒன்றுதான் இருந்தது, முன்னறை ஜன்னலுக்குக் கீழே. ஜன்னல் திட்டில் ஆறு கண்ணாடி ஊறுகாய் பாட்டில்கள். ஒவ்வொன்றிலும் பாதி சேறு, அதற்குமேல் நாலு விரல் தண்ணீர், வெளிப்புறம் ஒரு லேபிள். ஐந்து லேபிள்கள் லவினாவின் கையெழுத்து. நாலாவது மட்டும் அப்பாவுடையது, பெரிய பெரிய எழுத்தில்: ‘4. பேத்தமங்களா ஏரி’. லேபிள் உரிந்துவிட்டது, நானே எழுதி ஒட்டினேன் என்று அவள் கேட்டபோது சொன்னார். அவளும் நம்பினாள்.

அப்பா கொர்னேலியஸ் நேற்று சாயங்காலம் நாலரைக்குப் போய்விட்டார். உள்ளறைக் கட்டிலில் வெள்ளைச் சட்டையில் படுத்திருந்தார். மூக்கிலிருந்து குழாயை எடுத்த பிறகும் அதன் தடம் கன்னத்தில் இருந்தது. விரல்களில் யாரோ ஜெபமாலையைச் சுற்றிவிட்டிருந்தார்கள். அம்மா பியாட்ரிஸ் கால்மாட்டில் உட்கார்ந்து, அழாமல், அவருடைய கால் நகங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

லவினா நாலாம் நம்பரை நெஞ்சோடு அணைத்து எடுத்துப் போய்ச் சமையலறை மூலையில் வைத்தாள். அதைப் போட்டு உடைக்க வேண்டும் என்று நேற்று இதே நேரத்தில் அவளுக்குத் தோன்றியிருக்காது. நேற்று நாலு மணிக்குத் தோன்றியது.

அந்தச் சேற்றில் கண்ணுக்குத் தெரியாத ஒரு உயிர் இருக்கிறது. மேக்னெட்டோஸ்பைரில்லம் என்று பெரிய பெயர். சுருள் சுருளான உடம்புக்குள் இரும்பு மணிகளை வரிசையாக வைத்துக்கொண்டு, காந்தம் வைத்த பக்கம் திரும்பும் பாக்டீரியா. மணிகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கும்பலாகிவிடாமல் அவற்றைப் பிடித்து நிறுத்துவது ஒரு புரத நூல். மாம்-கே என்பார்கள். பெங்களூரில் லவினா ஏழு வருடமாகப் படிப்பது அந்த நூலைப் பற்றித்தான். கல்யாண வீட்டில் யாராவது ‘பொண்ணு இன்னா படிக்குது’ என்று கேட்டால் மற்றவர்கள் விழிப்பார்கள். அப்பாதான் சட்டைப் பையிலிருந்து ஜெபமாலையை எடுத்துக் காட்டுவார். “மணி இரும்பு. அத்த உட்டுடு. உள்ள ஒரு நூல் கீதில்ல, அதான் எம் பொண்ணு படிப்பு.” அவளுடைய ஆராய்ச்சி வழிகாட்டி மமதா மேடம்கூட இவ்வளவு சுருக்கமாகச் சொன்னதில்லை.

2020 மார்ச்சில் பேத்தமங்களா ஏரிக்கரையில் ஆறு பாட்டில் சேறு அள்ளினாள். அசையாமல் சில வாரம் வைத்தால்தான் அவை பெருகும். அடுத்த மாதம் வந்து எடுத்துக்கொள்ளலாம் என்று, சுரங்கக் குடியிருப்பான ஸ்கெலட்டனில் இருந்த வீட்டு ஜன்னலில் வைத்துவிட்டு ரயிலேறினாள். அதற்குள் ஊரடங்கு. அவள் ஹாஸ்டலில் மாட்டிக்கொண்டாள், பாட்டில்கள் அப்பாவிடம் மாட்டிக்கொண்டன. தங்க மைன் மூடும்வரை சுரங்கத்தில் தரைக்கு அடியில் தண்ணீர் பம்ப் பார்த்த மனுஷர். ராத்திரி பகலாகத் தண்ணீர் மட்டத்தைப் பார்த்துப் பழகியவருக்கு இது ஒரு வேலையா? தினம் சாயங்காலம் ஏழு மணிக்கு அவள் ஃபோன் போடுவாள். “ஷிஃப்ட் ரிப்போர்ட் எழுதிக்கோ. ஒண்ணு ஓகே. ரெண்டு ஓகே. மூணுல தண்ணி கொஞ்சம் கம்மி, ஊத்திட்டேன். நாலு ஓகே.” ஊரடங்கு முடிந்த பிறகும் அந்த ஃபோன் நிற்கவில்லை. பரிசோதனைக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டு அவள் பாட்டில்களைத் திருப்பிக் கொண்டுவந்து தந்தபோது, பழைய இடத்திலேயே வைக்கச் சொல்லி வாங்கி வைத்துக்கொண்டார்.

அந்த நாலில்தான் கிடைத்தது. மற்ற ஐந்திலும் நூல் ஒன்று, மணிச்சரம் ஒன்று. நாலாம் நம்பரில் நூல் இரண்டாகப் பிரிந்து இரட்டைச் சரம். அதைப் பார்த்த நாள் அப்பாவிடம் ஃபோனிலேயே கத்தினாள். “நாலாம் நம்பர்லப்பா! நாலுல மட்டும்தான்!” அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமில்லை. சந்தோஷத்தில் வாயடைத்துவிட்டார் என்று நினைத்தாள்.

பிறகு அது ஏரியில் எங்கும் கிடைக்கவில்லை. பதினாலு தடவை பேத்தமங்களா போனாள். கரை கரையாகத் தோண்டினாள். அதில் ஐந்தாறு தடவை அப்பாவும் கூட வந்து, வெயிலுக்குக் குடை பிடித்துக்கொண்டு நின்றார். எடுத்த இடத்தில் மறுபடி எடுத்துக் காட்டாவிட்டால் ஆய்வேட்டில் அதைப் பற்றிய அத்தியாயத்தையே நீக்கிவிடலாம் என்றார் மமதா மேடம். உன் கை சுத்தமில்லை, வேறு எங்கிருந்தோ கலந்திருக்கிறது என்று நாலு பேர் முன்னால் சொன்னார். அன்றைக்கு வீட்டுக்கு வந்து அப்பாவின் மடியில் தலை வைத்து அழுதாள். அப்போதும் அவர் வாய் திறக்கவில்லை. தலையைத் தடவிக்கொண்டே இருந்தார்.

நேற்றுக் காலை பங்குச் சாமியார் வந்து அப்பாவின் பாவ அறிக்கையைக் கேட்டு, எண்ணெய் தொட்டு நோயில்பூசுதல் கொடுத்துவிட்டுப் போனார். மத்தியானம் சாய்ந்ததும் அப்பா அவளைக் கையசைத்துக் கூப்பிட்டார். ஆக்சிஜன் மெஷின் இரைச்சலில் குனிந்து கேட்க வேண்டியிருந்தது.

“பாப்பா. நாலாம் நம்பர் ஏரிச் சேறு இல்ல.”

“இன்னாப்பா சொல்ற?”

“ஒடஞ்சிபோச்சி. வெயில் படுதேன்னு நவுத்தினேன். இருமல் வந்துச்சி. கை உட்டுட்டேன்.” மூச்சு வாங்கி, மறுபடி தொடங்கினார். “பேத்தமங்களா போலாம்னு பாத்தேன். ரோட்ல போலீஸ். நீ ஆறு எண்ணி வெச்சிட்டுப் போயிருந்த. நம்ம பழைய மைன் ஷாஃப்ட்டாண்ட வேலிக்குள்ள குட்டை கீதில்ல, அதுல அள்ளினேன். தண்ணியும் அதே தண்ணிதான். சேறு சேறுதானேன்னு நெனச்சிட்டேன்.”

லவினா முன்னறை ஜன்னல் பக்கம் திரும்பினாள்.

“சாமியார்கிட்ட சொல்லிட்டேன். சேத்த மாத்தினது பத்துக் கட்டளையில எதுல வருதுன்னு அவருக்கே தெரியல.” சிரிக்கப் பார்த்தார். “பொண்ணாண்ட சொல்லுன்னாரு. உம் படிப்பு பூடுமோன்னு பயம், பாப்பா. அப்றம் நாள் ஆக ஆக வாய் வரல.”

அவர் கை படுக்கையின் மேல் அவளுடைய கையைத் தேடியது. அவள் கொடுக்கவில்லை.

“அஞ்சு வருஷம்பா. பதினாலு தபா போனேன். கூட வந்து கொடை பிடிச்சிகினு நின்னியே! உன்னால நான் பொய்க்காரி ஆயிட்டேன்பா.”

எழுந்து பின்பக்கம் போய்விட்டாள். குழாயைத் திறந்துவிட்டு முகத்தில் தண்ணீரை அடித்து அடித்துக் கழுவினாள். குடம் நிரம்பி வழிந்து கால் நனைந்தபோது கோபம் கொஞ்சம் இறங்கியது. உள்ளே போய் ஒரு வார்த்தை நல்லதாகச் சொல்லலாம் என்று துணியில் கை துடைத்தாள். அதற்குள் அம்மா வாசற்படியில் வந்து நின்றிருந்தாள்.

“மெஷின ஆஃப் பண்ணும்மா. இனிமே வேணாம்.”

அடக்கம் ஃப்ரீசர் பெட்டி வந்த மறுநாள் மூன்று மணிக்கு நடந்தது. மைனில் அப்பாவோடு ஒரே ஷிஃப்ட்டில் இருந்த சைலஸ் மாமா, எழுபது வயதில், சவப்பெட்டியின் முன்பக்கத்தைத் தோள் மாற்றாமல் தூக்கி வந்தார். சாமியார் ஜெபித்து முடித்ததும் எல்லோரும் வரிசையாக ஒரு கைப்பிடி மண் போட்டார்கள். லவினா குனிந்து அள்ளினாள். காய்ந்த சரளை மண். ஏழு வருடமாக மண்ணை ஸ்பூனால் அளந்து அளந்து எடுத்த கை, இதை என்ன செய்வதென்று தெரியாமல் மூடிக்கொண்டது. பின்னால் வரிசை நின்றுவிட்டது. அம்மா வந்து அவளுடைய விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டாள்.

கூட்டம் கலைந்ததும் அவள் சைலஸ் மாமாவிடம் போனாள்.

“மாமா. அந்தக் குட்டை எங்க கீது?”

அவர் எந்தக் குட்டை என்று கேட்கவில்லை. துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“சொல்லிட்டானா?”

“உங்களுக்கும் தெரியுமா?”

“நாந்தாம்மா வேலியத் தூக்கிப் பிடிச்சேன். இவன் இருமிகினே எறங்கி அள்ளினான். வீட்ல சொல்லாதடான்னான். சேத்தையும் சொல்லக்கூடாது, இருமலையும் சொல்லக்கூடாது. பொண்ணு பரீட்சை முடியட்டும்னான். அது இன்னா பரீட்சைம்மா, முடியவே மாட்டேங்குது?”

இருமல் அப்போதே இருந்திருக்கிறது. ஐந்து வருடம். ஃபோனில் ‘நாலு ஓகே’ என்று சொல்லும்போதெல்லாம் ஒரு கையால் ஃபோனை மூடி இருமியிருப்பார். அவளுக்கு அது தெரியாமல் போனது. பாக்டீரியாவின் உள்ளே இருக்கும் நூலைப் பார்த்தவளுக்கு வீட்டுக்குள் இருந்த நெஞ்சு தெரியவில்லை. அங்கேயே உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். சைலஸ் மாமா தள்ளி நின்று காத்திருந்தார்.

மறுநாள் காலை அம்மா கழுவிக் கொடுத்த காலி பாட்டிலோடு அவர் பின்னால் போனாள். வேலி சாய்ந்தே கிடந்தது. சுரங்கத்துக்குள் இறங்கும் ஷாஃப்ட்டின் வாயைச் சிமெண்ட் பலகை போட்டு மூடியிருந்தார்கள். அதன் ஓரம் கசிந்து தேங்கிய நீர், மேலே துருப்பிடித்த ஒரு படலம். வீட்டிலிருந்து பத்து நிமிட நடை. பேத்தமங்களாவுக்குப் பதினாலு தடவை பஸ் ஏறியவள் ஒரு தடவைகூட இந்தப் பக்கம் வந்ததில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கி, கரையோரம் முழங்கை ஆழத்தில் கையை விட்டு அள்ளினாள். சேறு குளிர்ந்திருந்தது.

புது பாட்டிலையும் ஜன்னலிலிருந்த நாலாம் நம்பரையும் துணி சுற்றி, மடியில் வைத்துக்கொண்டு மாரிக்குப்பம் ரயிலில் பெங்களூர் போனாள். மமதா மேடத்திடம் எல்லாவற்றையும் சொன்னாள். உடைந்தது, போலீஸ், குட்டை, குடை, எதையும் விடவில்லை. மேடம் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். அன்றைக்கு உன் கை சுத்தமில்லை என்று சொன்னேன் இல்லையா என்றார் கன்னடத்தில். நாலாம் நம்பரை இரண்டு கையாலும் வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

மூன்று வாரம் கழித்து, ஒரு சாயங்காலம், புது பாட்டிலின் ஓரத்தில் காந்தம் வைத்து எடுத்த துளியில் அவை வந்தன. பெரிய மைக்ரோஸ்கோப்பின் திரையில் இரட்டைச் சரம், பக்கத்திலேயே இன்னொன்று, அதற்கப்பால் கணக்கில்லாமல். சேறு சேறுதான் என்று நினைத்த ஒருவர் தவறவிட்ட கையால் அல்லவா இது வந்தது? பாட்டில் உடையாமல் இருந்திருந்தால் ஆறிலும் ஒரே சரம்தான் இருந்திருக்கும். அவள் படிப்பும் சாதாரணப் படிப்பாக எப்போதோ முடிந்திருக்கும். இதை யாரிடம் சொல்ல வேண்டுமோ அவரிடம் கடைசியாகச் சொன்ன வார்த்தை வேறு.

மாதிரி எடுத்த விவரத்துக்கு ஒரு படிவம் உண்டு. இடம் என்ற இடத்தில் பேத்தமங்களா ஏரியை அடித்துவிட்டு, பழைய ஷாஃப்ட் குட்டை, ஸ்கெலட்டன் என்று எழுதினாள். சேகரித்தவர்: கொர்னேலியஸ். தேதி என்ற இடத்தில் பேனா நின்றது.

மணி ஏழு. கை தானாக அப்பாவின் நம்பரை அழுத்திவிட்டது. அழுத்திய பிறகுதான் உறைத்தது. துண்டிப்பதற்குள் எடுத்துவிட்டார்கள்.

“இன்னாடி?” அம்மாவின் குரல்.

“இந்த ஃபோன இன்னும் சார்ஜ் போட்டு வெச்சிருக்கியாம்மா?”

“ஏழு மணிக்கு அடிக்கும்ல.”

லவினா படிவத்தை அருகில் இழுத்துக்கொண்டாள். “அம்மா. அப்பா அந்த பாட்டில ஒடச்சது எந்த நாளுன்னு சைலஸ் மாமாவுக்குத் தெரியுமா?”

“அவர எதுக்குக் கேக்கற? ஊரடங்குல வந்துச்சே ஒரு ஈஸ்டர், அதுக்கு அடுத்த செவ்வாக்கெழமை. அன்னிக்குத்தான் என் எலுமிச்சங்கா ஊறுகா பாட்டில் காணாம பூடுச்சி. ஊறுகாய ஒரு டிபன் பாக்ஸ்ல மாத்தி வெச்சிட்டு, எனக்குத் தெரியாதுன்னு நெனச்சிகினு இருந்தாரு.”

“நீயும் சொல்லலியேம்மா.”

செருப்புச் சத்தம் கேட்டது. முன்னறைக்கு நடக்கிறாள். லைட் போடும் சத்தம்.

“ஒண்ணு சரியா கீது,” என்றாள் அம்மா. “ரெண்டு சரியா கீது. மூணுல காலைலதான் ஊத்தினேன்.”

அங்கே நிறுத்தினாள். ஜன்னல் திட்டில் அடுத்த இடம் காலி.

“நாலு எங்கிட்ட இருக்கும்மா,” என்றாள் லவினா. “நாலு நல்லா இருக்கு.”

“சரி. நாளைக்குக் கல்லறைக்குப் போறேன், சொல்லிடறேன்.” பிறகு அம்மா தொடர்ந்தாள்.

“அஞ்சுல கொஞ்சம் தண்ணி கம்மியா கீது.”