மூன்றாவது பிளக்

மாவட்டக் கல்வி அலுவலகத்தின் இரண்டாம் மாடியில், பழைய வரைபடங்களைச் சுருட்டி வைத்திருந்த அறையைப் பாதியாகத் தடுத்துச் சின்னவளுக்கு இடம் கொடுத்திருந்தார்கள். உட்கார்ந்த இடத்திலிருந்தே முப்பத்தெட்டுப் பள்ளிகளின் சர்வர்களை அவள் கட்டி மேய்த்தாள். திரையில் முப்பத்தெட்டுப் பச்சைப் புள்ளிகள். ஒன்று சிவந்தால் போதும், அடுத்த நிமிடம் அந்தப் பள்ளிக்குப் போன் பறக்கும். எடுத்தவர் தொலைந்தார். "ரூமுக்குள்ள போனீங்களா? எதையாவது தொட்டீங்களா? பொய் சொல்லாதீங்க, எனக்கு இங்கேயிருந்தே எல்லாம் தெரியும்" என்பாள். எல்லாமெல்லாம் தெரியாது. ஆனால் அப்படி ஒரு போடு போட்டால் பாதிப் பேர் உண்மையைக் கக்கிவிடுவார்கள்.

முப்பத்தேழு பள்ளிகளிடம் அவளுக்கு இருந்தது வெறும் எரிச்சல். மீதி ஒன்றான பெண்கள் மேல்நிலைப் பள்ளியிடம் இருந்தது வன்மம். அதன் தலைமையாசிரியை அவளுடைய ஓரகத்தி, கணவனின் அண்ணன் மனைவி. வீட்டில் அவளைப் பெரியவள் என்பார்கள், இவளைச் சின்னவள். ஒரே வீடுதான். கீழே பெரியவள் குடும்பம், மேலே சின்னவள் குடும்பம். இரண்டு வருடமாகப் பேச்சுவார்த்தை கிடையாது. மாடிப்படியில் எதிரெதிரே வந்துவிட்டால் ஒருத்தி சுவரைப் பார்ப்பாள், மற்றவள் தன் செருப்பைப் பார்ப்பாள்.

எல்லாம் ஒரு துண்டுச் சீட்டால் வந்த வினை. சின்னவளின் மகள் அந்தப் பள்ளியில் பதினொன்றாம் வகுப்புப் படித்தபோது, தேர்வில் சட்டைக் கைக்குள் சீட்டு மடித்து வைத்திருந்தாள். கையும் களவுமாகப் பிடித்தது பெரியவளேதான். தனியாகக் கூப்பிட்டு இரண்டு அறை வைத்து அனுப்பியிருக்கலாம், பெரியம்மாவுக்கு அந்த உரிமை இருந்தது. அந்த மகா உத்தமியோ பதிவேட்டில் எழுதி, பெண்ணை ஒரு வாரம் நிறுத்தி வைத்து, பெற்றோர் கையெழுத்து கேட்டுக் கடிதமும் அனுப்பினாள். கீழ் வீட்டிலிருந்து மேல் வீட்டுக்கு, தபாலில்.

"வேற வீட்டுப் பொண்ணா இருந்தா என்ன பண்ணியிருப்பேனோ அதைத்தான் பண்ணேன்" என்றாள் பெரியவள்.

"வேற வீட்டுப் பொண்ணாக்கா அவ? உங்க மடியில வளர்ந்தவ."

"அதனாலதான் எனக்கு வலிக்குது."

"வலிச்ச மாதிரி தெரியலையே" என்று சொல்லிவிட்டுச் சின்னவள் கதவை அடித்துச் சாத்தினாள். அதுதான் கடைசிப் பேச்சு.

அதற்கப்புறம் நடந்த சண்டையெல்லாம் மெயிலில். 'மதிப்பிற்குரிய நிர்வாகி அவர்களுக்கு' என்று அவள் ஆரம்பிப்பாள், 'மதிப்பிற்குரிய தலைமையாசிரியை அவர்களுக்கு' என்று இவள் ஆரம்பிப்பாள். அடுத்த வரியிலிருந்து நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரிக் கேட்டுக்கொள்வார்கள். அந்தப் பள்ளியில் ஒருமுறை ஆயாம்மா வெந்நீர்க் கெட்டிலைச் சொருகுவதற்காக சர்வரின் பிளக்கைப் பிடுங்கினார். இன்னொரு முறை, தன் போனுக்குச் சார்ஜ் போடப் பிடுங்கினார். சின்னவள் சும்மா விடுவாளா? உட்கார்ந்து ஒரு சுற்றறிக்கை எழுதினாள். ஒரே பள்ளியில் மூன்றாவது முறையாக சர்வருக்கு மின்சாரம் துண்டிக்கப்பட்டால், அந்தப் பள்ளியின் தேர்வு மையம் ரத்து, தலைமையாசிரியர் இடமாற்றம். கல்வி அதிகாரி பாதி படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். அந்தச் சட்டை யாருக்கு அளவெடுத்துத் தைத்தது என்று அலுவலகத்தில் எல்லோருக்கும் தெரியும்.

பெரியவளுக்கு இடமாற்றம் என்றால் வெறும் பெட்டி தூக்கும் சங்கதி இல்லை. அவள் கணவர் பக்கவாதம் வந்து ஒன்றரை வருடமாகக் கட்டிலோடு இருந்தார். பள்ளியில் மதிய மணி அடித்ததும் பெரியவள் வேர்க்க விறுவிறுக்க நடந்து வந்து, அவரைப் புரட்டிப் படுக்கவைத்து, ஊட்டிவிட்டு, திரும்ப ஓடுவாள். பள்ளி பத்து நிமிட நடையில் இருந்ததால்தான் அது முடிந்தது. சுற்றறிக்கை எழுதும்போது சின்னவளுக்கு இது நினைவில்லை என்று சொன்னால் அது பச்சைப் பொய். நினைவிருந்தது. எழுதினாள்.

ஆன்லைன் தேர்வு ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு. தேர்வு மென்பொருள் வெளியே பேசுவதற்கு ஒவ்வொரு பள்ளி சர்வரிலும் ஒரு வழியைத் திறந்துவிட வேண்டும். தூரத்திலிருந்து செய்யும்போது இதில் ஓர் ஆபத்து உண்டு. ஒரு எழுத்து தப்பினால் திறப்பதற்குப் பதில் எல்லா வழியும் அடைத்துக்கொள்ளும், செய்தவளே உள்ளே போக முடியாது. அப்புறம் பேருந்து பிடித்து அந்தப் பள்ளிக்கே போய் நிற்க வேண்டியதுதான். அதனால் சின்னவள் கை வைப்பதற்கு முன்னால் ஒரு கயிறு கட்டிக்கொள்வாள். இருபது நிமிடத்தில் தானாக அணைந்து பழைய அமைப்போடு எழுந்துகொள் என்று சர்வருக்கு முதலிலேயே கட்டளை கொடுத்துவிடுவாள். வேலை கெட்டால் அது தன்னைத்தானே மீட்டுக்கொள்ளும். வேலை நன்றாக முடிந்தால், மாற்றத்தைச் சேமித்துவிட்டு அந்தக் கட்டளையை நீக்கிவிட வேண்டும். கிணற்றில் இறங்குகிறவன் இடுப்பில் கயிறு கட்டுகிற மாதிரி. ஏறின பிறகு அவிழ்க்க மறந்தால் அதுவே காலைத் தட்டிவிடும்.

முப்பத்தேழு பள்ளிகளை முடித்துவிட்டு, பெண்கள் பள்ளியைக் கடைசியில் எடுத்தாள். மணி ஒன்பது நாற்பத்தெட்டு. கயிற்றைக் கட்டினாள், வழியைத் திறந்தாள், சோதித்தாள். எல்லாம் கச்சிதம். அந்த நேரம் பார்த்து மெயில் வந்து விழுந்தது. 'மதிப்பிற்குரிய நிர்வாகி அவர்களுக்கு. தேர்வுக்குப் பன்னிரண்டு நிமிடமே உள்ள நிலையில் எங்கள் பள்ளியைக் கடைசியில் கவனிப்பது தங்கள் அலுவலகத்தின் வழக்கமாகிவிட்டது.' நகல், கல்வி அதிகாரிக்கு.

சின்னவளுக்கு உச்சியில் ஏறிவிட்டது. நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பதில் எழுத ஆரம்பித்தாள். பழைய கெட்டில் கதையை வம்புக்கு இழுத்தாள், போன் சார்ஜரையும் இழுத்தாள், ஒழுக்கத்தைப் பற்றிப் பாடம் எடுப்பவர்கள் முதலில் சுவரிலுள்ள சுவிட்சைக் கவனிக்கட்டும் என்று ஒரு வாக்கியம் எழுதி, அதன் அழகை இரண்டு முறை படித்து ரசித்தாள். அனுப்பியபோது மணி பத்து ஏழு. பத்து எட்டுக்கு முப்பத்தெட்டாவது புள்ளி சிவந்தது.

"பிடுங்கிட்டாங்க!" என்று அவள் கத்தியதில் பக்கத்து அறை எழுத்தர் எழுந்து வந்து எட்டிப்பார்த்தார். தொண்ணூற்றாறு மாணவிகளின் திரை அங்கே இருண்டு கிடந்தது. சர்வர் எழுந்ததும் அவசர அவசரமாக வழியை மறுபடி திறந்தாள். தேர்வு தொடர்ந்தது. ஆனால் பாதிப் பேரின் விடைகள் போயே போய்விட்டன. பத்து இருபதுக்குள் அதிகாரிக்கு அறிக்கை போனது: மின்சாரத் துண்டிப்பு, மூன்றாவது முறை. சந்தேகமே படவில்லை. இவ்வளவு நாள் காத்திருந்த செய்தியை யாராவது சந்தேகப்படுவார்களா?

வியாழக்கிழமை பதினொரு மணிக்கு விசாரணை. பத்தரைக்குத்தான், அச்செடுத்துக் கொண்டுபோகலாம் என்று, சர்வர் தானாக எழுதிவைக்கும் நிகழ்ச்சிப் பதிவைத் திறந்தாள். பிளக்கைப் பிடுங்கினால் பதிவு பேச்சின் நடுவில் வாயைப் பொத்தினாற்போல் நின்றுபோகும். இங்கே அப்படி நிற்கவில்லை. ஒவ்வொரு சேவையும் வரிசையாக விடைபெற்றுக்கொண்டு ஒழுங்காக அணைந்திருந்தது. எல்லாவற்றுக்கும் மேலே, திட்டமிட்ட மறுதொடக்கம் என்ற வரி. கட்டளையிட்டவர் என்ற இடத்தில் அவளுடைய பயனர் பெயர்.

தான் கட்டிய கயிறு. அவிழ்க்க வேண்டிய நேரத்தில் அவள் வாக்கியத்தை ரசித்துக்கொண்டிருந்தாள்.

எழுந்து போய் அதிகாரியிடம் சொல்லலாம். ஒரு கண்டனக் கடிதம் வரும், ஒருவேளை சம்பள உயர்வு நிற்கும், அவ்வளவுதான். ஆனால் அந்தக் கண்டனக் கடிதத்தை முதலில் படித்து மகிழப்போவது யார்? பெரியவள் முகம் கண்முன் வந்தது, பதிவேட்டில் மகளின் பெயரை எழுதிய அதே சாந்தமான முகம். சின்னவளின் விரல்கள் தாமாக வேலையைப் பார்த்தன. பத்து ஏழு வரை விட்டுவைத்து, அடுத்த மூன்று நிமிடத்து வரிகளை அழித்தாள். மையக் கணினியில் இருந்த நகலிலும் அழித்தாள். இப்போது யார் பார்த்தாலும் அசல் பிளக் பிடுங்கிய பதிவு. அச்செடுத்து, கோப்பில் வைத்துக்கொண்டு கீழே இறங்கினாள்.

அதிகாரியின் அறையில் பெரியவள் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தாள். மடியில் கைப்பை, நிமிர்ந்த முதுகு. இவளைப் பார்க்கவில்லை.

"மூணாவது தடவை, மேடம்" என்றார் அதிகாரி. "சுற்றறிக்கை உங்களுக்குத் தெரியும். என்ன சொல்றீங்க?"

"ரூம் சாவி என்கிட்டதான் இருந்தது சார். ஆயாம்மா பக்கத்துலகூட வரல. நான்தான் வாசல்லயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். ஆனா அந்த ரூமுக்குக் கரண்டு போற சுவிட்ச், சுவத்துக்கு அந்தப் பக்கம் ஆய்வகத்துல இருக்கு. அதை யாராவது அணைச்சாங்களான்னு எனக்குத் தெரியாது. அது தப்புன்னா என் தப்புதான்."

"இல்ல, இங்கேயிருந்து ஏதாவது நடந்திருக்குமான்னு..." அதிகாரி இழுத்தார். "வெளியூர்லயிருந்து ஒருத்தரை வரவெச்சு சர்வரைப் பார்க்கச் சொல்லலாம். உங்க ரெண்டு பேருக்கும் ஆகாதுன்னு ஊருக்கே தெரியும். நாளைக்கு யாரும் ஒண்ணும் சொல்லக்கூடாது பாருங்க."

வெளியாள் தோண்டினால் அழித்த தடம் அகப்பட்டாலும் அகப்படும்.

"வேணாம் சார்" என்றாள் பெரியவள். "வெளியாள் எதுக்கு? அவங்க பார்த்திருப்பாங்கள்ல? அவங்க சொல்லட்டும்."

"அவங்கதானே மேடம் புகாரே கொடுத்தது?"

"கொடுக்கட்டும். அவளுக்கு என்னைக் கண்டா ஆகாது, வாஸ்தவம்தான். ஆனா வேலையில பொய் சொல்ல மாட்டா. பத்தொன்பது வருஷமா ஒரே வீட்டுல பார்க்கிறேன். கரண்டு போச்சுன்னு அவ வாயால சொன்னா, நான் கையெழுத்துப் போட்டுட்டுப் போறேன்."

இது என்ன, பாசமா பொறியா? சின்னவளை நல்லவளாக்கியே அவள் கழுத்தில் சுருக்கு மாட்டப் பார்க்கிறாளா? சின்னவளுக்கு அந்த நிமிடம் பெரியவள்மேல் வந்த வெறுப்பு இரண்டு வருடத்தில் ஒருநாளும் வந்ததில்லை. திட்டியிருக்கலாம், குற்றம் சாட்டியிருக்கலாம், திருப்பி இரண்டு வார்த்தை பேசியிருந்தால் எவ்வளவு சுலபமாக இருந்திருக்கும்.

"சொல்லுங்கம்மா" என்றார் அதிகாரி.

சின்னவள் கோப்பைத் திறந்தாள். அந்தக் காகிதத்தில் இருப்பது பொய் என்பது அவள் ஒருத்திக்குத்தான் தெரியும்.

"கரண்டுதான் போயிருக்கு சார்."

பெரியவள் காகிதத்தைக் கேட்கவில்லை. பையிலிருந்து பேனாவை எடுத்து, அதிகாரி நகர்த்திய தாளில் கையெழுத்துப் போட்டாள். தேதியும் போட்டாள். பொறி எதுவும் இல்லை என்று சின்னவளுக்கு அப்போதுதான் புரிந்தது. அந்தப் பொம்பளை சொன்னதை முழுசாக நம்பிச் சொல்லியிருந்தாள். அதிகாரி சங்கடத்தோடு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். புதிய பள்ளி மாவட்டத்தின் மறுகோடியில், பேருந்தில் மூன்று மணி நேரம், திங்கட்கிழமை சேர வேண்டும் என்றார். பெரியவள் தலையசைத்தாள்.

வெளியே வராந்தாவில் சின்னவள் சுவரோரமாக விலகி நின்றாள். பெரியவள் தாண்டிப் போய்விட்டு, நின்று, திரும்பி வந்தாள். இரண்டு வருடத்தில் முதன்முறையாக நேரே கண்ணைப் பார்த்தாள்.

"மதியம் அவருக்கு ஊட்டிவிட ஆள் வெச்சுப் பார்த்தேன், அந்தப் பொண்ணு ஊட்டாமலே ஊட்டினேன்னு சொல்லுது. அவரால வாயைத் திறந்து சொல்லவும் முடியாது." கைப்பையை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினாள். "உன் ஆபீஸ்லயிருந்து வீடு பக்கம். உன்னைக் கேட்கிறது எனக்கு எவ்வளவு கஷ்டம்னு உனக்கே தெரியும். ஆனா உன்கிட்ட விட்டுட்டுப் போனா எனக்குப் பயம் இருக்காது. சாப்பிட்டார்னா சாப்பிட்டார்னு சொல்லுவ, இல்லைன்னா இல்லைன்னு சொல்லுவ."

சின்னவள் கோப்பை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள். வராந்தாவின் கடைசியில் யாரோ நாற்காலியை இழுத்துப் போடும் சத்தம் கேட்டது.

"சரிக்கா" என்றாள்.