ஓக்சிலுக்குக் காமாலை

ஓக்சிலுக்குக் காமாலை என்று கு சார் சொன்னபோது எனக்குச் சிரிப்புதான் வந்தது. ஓக்சில் எங்கள் வெப்டூனின் நாயகி. வியாழக்கிழமைதோறும் போன் திரையை விரலால் தள்ளித் தள்ளி ஊரே படிக்கிற படத்தொடர் அது. கதையும் கோடும் கு சாருடையவை. நிறம் பூசுவது மட்டும் என் வேலை. கொரியாவில், புச்சன் நகரில் ஹேஜுங் அக்காவோடு பங்குபோட்டு எடுத்த ஒற்றை அறையில் உட்கார்ந்து ஒரு வருடமாகப் பூசிக்கொண்டிருக்கிறேன்.

கு சார் சிரிக்கவில்லை. தொடர் புத்தகமாக வரப்போகிறது. அச்சகத்திலிருந்து வந்த மாதிரித் தாளை என் முன்னால் தூக்கிப் போட்டார். அதில் ஓக்சிலின் கன்னம், கழுத்து, காதுமடல் எல்லாம் ஒரே மஞ்சள்.

“அச்சகத்துக்காரன் என்ன கேட்டான் தெரியுமா? ‘பொண்ணுக்கு ஈரல் ஏதும் கெட்டுப்போச்சா சார்’னு கேக்குறான்.”

“அச்சுல பிசகியிருக்கும் சார். என் ஸ்கிரீன்ல நல்லா ரோஸாத்தான் இருக்கு.”

“உன் ஸ்கிரீன் எந்தக் காலத்துது?”

அது ஹேஜுங் அக்கா வேலை பார்க்கும் சலூனில் விலைப்பட்டியல் காட்டிக்கொண்டிருந்து, கழித்துப் போட்ட மானிட்டர். அதை வாயால் எப்படிச் சொல்வது?

“அடுத்த எபிசோடுலேர்ந்து நிறம் சரியா வரணும் தல்ஹி. இல்லன்னா வேற ஆளப் பாத்துக்குவேன். கோவிச்சுக்காத. புத்தகத்துல என் பேரு இருக்கு.”

அவர் பேர்தான் இருக்கும். ஒவ்வொரு எபிசோடின் கடைசியிலும் அவர் பேர், பதிப்பாளர் பேர், ‘பக்கத்தில் படுத்துத் தூங்கிய தொங்கிக்கு நன்றி’ என்று அவர் வீட்டுப் பூனையின் பேர். என் பேர் எங்கேயும் கிடையாது. வண்ணம் பூசுகிறவர்களுக்குப் போடுவது வழக்கமில்லையாம். எனக்கு அது ஒரு வருடமாக நெஞ்சில் முள். ஆனால் வேலையே போகிற நேரத்தில் பேரைப் பற்றிப் பேச முடியுமா? மெட்ரோவில் திரும்பி வரும்போது முடிவு செய்துவிட்டேன். இந்த வேலையை விடப் போவதில்லை. மானிட்டரை மாற்றியே தீருவேன்.

கையில் இருந்தது இரண்டு லட்சம் வோன். குளிருக்கு முழங்கால்வரை வருகிற பஞ்சுக்கோட்டு வாங்க எடுத்து வைத்தது. பழைய கோட்டின் ஜிப் போன மார்ச்சிலேயே பல்லிளித்துவிட்டது. சரி, இந்தக் குளிருக்கும் ஊசி நூலோடு சமாளிக்கலாம்.

அந்தப் பணத்துக்கு என்ன கிடைக்கும் என்பதில் எனக்கும் ஹேஜுங் அக்காவுக்கும் பெரிய ரகளை. அவள் போனை என் மூக்குக்கு நேரே நீட்டினாள்.

“இதப் பாருடீ. புத்தம் புதுசு. வளைஞ்ச ஸ்கிரீன். ரெண்டு லட்சம்கூட ஆகல. டெலிவரி ஃப்ரீ. கட்டில்ல படுத்துக்கிட்டே நாடகம் பாக்கலாம்.”

“நாடகம் பாக்கவா வாங்கறேன்? இது சண்டை கேம் ஆடறவங்களுக்கு அக்கா. நிறமெல்லாம் கண்ண அடிக்கும்.”

“அடிச்சா நல்லதுதானே? கலர்னா பளிச்சுனு இருக்கணும்.”

“நீ ஒருத்திக்கு முடிக்குச் சாயம் போடறப்ப சலூன்ல டிஸ்கோ லைட்டப் போட்டுக்குவியா?”

அவள் போனைக் கீழே இறக்கினாள். தொழில் என்று வந்தால் அவளுக்கும் ரோஷம் உண்டு. பிறகு, “அப்ப எதைத்தான்டீ வாங்கப் போற?” என்றாள்.

நான் பார்த்து வைத்திருந்தது பழைய பொருள். அக்கம்பக்கத்தார் கைமாற்றிக்கொள்கிற ஆப்பில் கிடந்தது. படம் எடுக்கிறவர்கள் வைத்திருக்கிற ரகம், நிறம் பிசகாது. திரை சின்னது, ஓரத்தில் ஒரு கீறல். விலை இரண்டரை லட்சம். கீழே கொட்டை எழுத்தில் ‘பேரம் பேசுபவர்களுக்குப் பதில் கிடையாது’.

“மூளை இருக்கா உனக்கு? சின்னது, பழசு, கீறல், அதுக்கு அம்பதாயிரம் அதிகமா?” என்று அக்கா தலையில் அடித்துக்கொண்டாள். ஆனாலும் மறுநாள் மத்தியானம் தள்ளுவண்டியை எடுத்துக்கொண்டு என்னோடு வந்தவள் அவள்தான்.

மெட்ரோ மூன்றாம் வாசலில் ஒரு ஆள், குழந்தையைப் போலப் போர்வையில் சுற்றிய மானிட்டரைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தார். இந்த வாசல்களில் எப்போதும் இப்படி நாலு கணவன்மார்கள் நிற்பார்கள். ஆப்பில் பேசி முடிப்பது மனைவி, பையைத் தூக்கி வருவது கணவன். பைக்குள் என்ன இருக்கிறதென்றுகூடப் பாதிப் பேருக்குத் தெரியாது. இவருக்குத் தெரிந்திருந்தது. முகத்தில் அப்படி ஒரு துக்கம்.

“வீட்டுல தொட்டில் போடணும்னு சொல்லிட்டாங்க” என்றார். “என் மேசைய எடுத்தாச்சு. இது இனிமே உங்களுது.”

“போட்டுப் பாத்துட்டு வாங்கிக்கறேங்க.”

“இங்க எங்கம்மா பிளக்கு? இந்த வியாபாரத்துல பையக் குடுத்தோமா, காச வாங்கினோமான்னு போறதுதானே.”

“இதுல என் வேலையே தொங்குதுங்க. பாக்காம வாங்க மாட்டேன்.”

எதிரே இருந்த இருபத்துநாலு மணிநேரக் கடைக்கு அவரை இழுக்காத குறையாக அழைத்துப் போனேன். கப் நூடுல்ஸுக்கு வெந்நீர் பிடிக்கிற இடத்துக்குப் பக்கத்தில் ஒரு பிளக் உண்டு. கடைக்காரர் முறைத்தார். அக்கா உடனே மூன்று கப் நூடுல்ஸ் வாங்கி அவர் வாயை அடைத்தாள். நான் மானிட்டரைக் கையோடு கொண்டுவந்த லேப்டாப்பில் மாட்டி ஓக்சிலைத் திறந்தேன். கு சார் தந்த அச்சுத்தாளை எடுத்துத் திரைக்குப் பக்கத்தில் பிடித்தேன்.

இரண்டு ஓக்சிலும் ஒன்றுபோல இருந்தார்கள். இரண்டும் மஞ்சள்.

அச்சகம் பொய் சொல்லவில்லை. சலூன் மானிட்டர்தான் எல்லாவற்றையும் நீலமாகக் காட்டியிருக்கிறது. நீலத்தை அடக்க நான் மஞ்சளைக் கொட்டியிருக்கிறேன், முதல் எபிசோடிலிருந்து. போனில் பார்த்தபோதெல்லாம் நானும் கு சாரும் அது போன் திரையின் குணம் என்று விட்டிருக்கிறோம். வெட்கமாகவும் இருந்தது, அந்தக் கழிசடைப் பெட்டிமேல் ஆத்திரமாகவும் இருந்தது.

“அடப்பாவி, காமாலையேதான்” என்றாள் அக்கா, வாய் நிறைய நூடுல்ஸோடு.

அந்த ஆள் எட்டிப் பார்த்தார். “அட, இது ஆரஞ்சு! என் பொண்டாட்டி விடாமப் படிப்பாளே.” வாசகர்கள் ஓக்சிலை ஆரஞ்சு என்றுதான் கூப்பிடுவார்கள். கதையில் அவள் அம்மா ஜேஜு தீவின் ஆரஞ்சு விற்கிற கடை வைத்திருக்கிறாள், அதனால் வந்த செல்லப்பேர் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். “நீங்களா பூசறீங்க? பேரே பாத்ததில்லையே.”

“போட மாட்டாங்க. எங்கிட்ட இருக்கறது ரெண்டு லட்சம்தாங்க. பேரம் இல்லன்னு போட்டிருக்கீங்க, தெரியும். மிச்சம் அடுத்த மாசம் தரவா?”

அவர் மனைவிக்குப் போன் போட்டார். யார் கேட்கிறார்கள் என்று சொல்லி முடிக்கவில்லை, மறுமுனையில் வீலென்று ஒரு சத்தம். போனை வைத்துவிட்டு, “ரெண்டு லட்சமே போதுமாம். என் ஹெட்போனையாவது விக்காதன்னு நான் கெஞ்சினதுக்கு மட்டும் பேரமே கிடையாதுன்னுட்டா” என்று பெருமூச்சு விட்டார்.

பழைய மானிட்டரை மறுநாள் காலையிலேயே கழிவு எடுக்கிற வண்டியில் ஏற்றிவிட்டேன். மூன்று நாள் குனிந்த தலை நிமிராமல் எபிசோடு முழுவதையும் புதிதாகப் பூசினேன். ஓக்சில் குளித்துவிட்டு வந்தவளைப் போல ரோஸாக இருந்தாள். கு சார், “இதுதான் முகம்” என்று ஒரு வரி அனுப்பினார். வேலை தப்பித்தது என்று நினைத்தேன்.

வியாழக்கிழமை மத்தியானத்துக்குள் பின்னூட்டங்கள் கொதித்தன. ‘எங்க ஆரஞ்சு எங்கே?’ ‘இந்த வெளுத்த பெண் யார்?’ ‘ஆயிரம் ரோஸ் முகம் இருக்கு, ஆரஞ்சு முகம் ஒண்ணுதான் இருந்துச்சு. அதையும் கெடுத்துட்டாங்க.’ படிக்கப் படிக்க எனக்கு உறைத்தது. பேர் வந்தது கடையால் அல்ல, முகத்தால். என் தப்பைத்தான் அவர்கள் ஒரு வருடமாகக் கொஞ்சிக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

கு சார் போன் செய்தார். குரலில் பழைய மிடுக்கு இல்லை.

“தல்ஹி, பழையபடியே பூசிடேன். புத்தகத்துக்கும் அதுதான்னு பதிப்பாளர் சொல்லிட்டாரு. அந்தப் பழைய ஸ்கிரீன்லயே வேலை பாரு, தானா வந்துரும்.”

“அத வண்டியில ஏத்தியாச்சு சார்.”

“ஏத்தியாச்சா? அப்ப எப்படி வரும் அந்த நிறம்?”

“நான் பூசினா வரும். வெயில்ல நிக்கறப்ப ஒரு மஞ்சள், அழறப்ப ஒரு மஞ்சள், கோவத்துல ஒரு மஞ்சள். இது வரைக்கும் தெரியாமப் பூசினேன். இப்ப நல்ல ஸ்கிரீன் இருக்கு, தெரிஞ்சே பூசுவேன். ஆனா என் பேர் போடணும்.”

“அது வழக்கமில்லைம்மா…”

“வேற ஆளப் பாத்துக்குவேன்னு சொன்னீங்க. பாத்துக்கங்க சார்.”

ஹேஜுங் அக்கா கட்டிலில் இருந்து எழுந்து வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். மறுமுனையில் பூனை கத்துவது மட்டும் கேட்டது.

அடுத்த வியாழக்கிழமை, ஜிப் போன கோட்டைப் போர்த்திக்கொண்டு போனில் எபிசோடைத் தள்ளிக்கொண்டே போனோம். ஓக்சில் நல்ல மஞ்சளாக, நான் வேண்டுமென்றே வைத்த மஞ்சளாகச் சிரித்தாள். அக்கா என் கையிலிருந்து போனைப் பிடுங்கிக் கடைசிவரை தள்ளினாள்.

கு சார் பேருக்குக் கீழே, ‘வண்ணம்: தோ தல்ஹி’. அதற்கும் கீழேதான் பூனை.