இம்கர்லோ வீட்டு மாப்பிள்ளை

கலியாணக் கார்டில் ஒரே ஒரு சொல்தான் பாக்கி. முகூர்த்தம், மண்டபம், மாப்பிள்ளை விதுரனின் பாரிஸ் விலாசம் எல்லாம் யாழ்ப்பாணத்து அச்சகக்காரனுக்கு வாட்ஸ்அப்பில் போய்ச் சேர்ந்துவிட்டன. பெண்ணின் தகப்பன் பெயருக்கு முன்னால் 'காலஞ்சென்ற' என்று போடுவதா, விடுவதா என்று அவன் கேட்டு ஒரு கிழமையாகிறது. குகனேஸ்வரி அதைத் திறந்து பார்ப்பாள், திரும்ப மூடுவாள். பதில் போடுவதற்கு அவளுக்கே பதில் தெரியாது.

இருபது வருடத்துக்கு மேலாகப் புருசன் எங்கே என்று தெரியாத பெண்ணுக்கு ஊர் ஒரு பெயரும் வைக்கவில்லை. பொட்டு வைத்தால் ஒரு கூட்டம் பார்க்கும், வைக்காவிட்டால் இன்னொரு கூட்டம் கேட்கும். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? அவள் வைத்துக்கொண்டுதான் இருந்தாள். ஆனால் மகள் கலியாணம் அப்படி மழுப்பக்கூடிய காரியமில்லை. மனிதர் உயிரோடு இருந்தால் அவரைக் கூப்பிட வேண்டும். மணவறையில் அவரும் அவளும் சேர்ந்து நின்று பிள்ளையைத் தாரை வார்க்க வேண்டும். இல்லையென்றால் முதலில் அவருக்கு எள்ளும் தண்ணீரும் இறைக்க வேண்டும். பிறகு அவருடைய சித்தப்பா மகன் அருளையாவும் மனைவியும் தாரை வார்ப்பார்கள்; அவள் மணவறைப் பக்கம் போக முடியாது. இருக்கிறாரா இல்லையா? அவளுக்கு அது தெரிந்தாக வேண்டும்.

அவர் போனது மகள் சாம்பவி தவழ்ந்து திரிந்த காலத்தில். அப்போது இருவரிடமும் பெர்மெஸ்ஸோ, இத்தாலியில் தங்குகிற அனுமதி, இல்லை. பலெர்மோ நகரத்தில், ஒரேத்தோப் பக்கம், ஒரு அறையில் மூன்று குடும்பம். போலீஸைக் கண்டால் மாடிப்படியில் ஒளிகிற வாழ்க்கை. அந்த நேரம் ஜெர்மனியிலிருந்து ஒரு தரகன் செய்தி கொண்டுவந்தான். ஒரு வெள்ளைக்காரி, பெயர் றெனாற்றே இம்கர்லோ, பேப்பருக்காக ஒரு கலியாணம் எழுத ஆயத்தமாம். மூன்று வருடத்தில் விசா நிலைத்துவிடும், பிறகு விவாகரத்து, பிறகு மனைவியையும் பிள்ளையையும் கூப்பிடலாம். அவர்கள் கலியாணம் ஊரில் கோயிலில் தாலி கட்டியதோடு சரி; பதியவில்லை. கடதாசியில் அவர் இன்னும் பிரமச்சாரி.

அவர் தயங்கினார், அதையும் சொல்லத்தான் வேண்டும். ஓமென்று சொன்னவள் குகனேஸ்வரி. தாலிக்கொடியை விட்டு மற்ற நகையெல்லாம் விற்றுத் தரகனுக்குக் கொடுத்தவளும் அவள்தான். போதாதென்று வெறுங்காலோடு பெல்லெக்றினோ மலையேறி, பலெர்மோவைக் காக்கிற புனிதை சந்தா றொசாலியாவுக்கு மெழுகுதிரி கொளுத்தினாள். கீழே வந்து பிள்ளையாருக்கு அர்ச்சனையும் செய்வித்தாள், இருவர் பெயருக்கும். ஐயர் அந்தப் பெண்ணின் நட்சத்திரம் என்னவென்று கேட்டார். அது தெரியாது ஐயா, பொதுவாகச் செய்யுங்கோ என்றாள். தன் புருசனுடைய இரண்டாம் கலியாணம் நன்றாக நடக்கவேண்டுமென்று அர்ச்சனை செய்த பெண்ணை வேறெந்தச் சாதிசனத்திலாவது கண்டதுண்டா? கேட்டதைவிடக் கூடுதலாகவே சாமி கொடுத்துவிட்டது.

முதல் வருடம் கிழமைக்கு ஒருமுறை பேசினார். அடுத்த வருடம் பண்டிகைக்குப் பண்டிகை. பிறகு அந்த நம்பர் வேலை செய்யவில்லை. ஸ்ருட்கார்ட்டில் கண்டதாக ஒருவர், கனடா போய்விட்டதாக இன்னொருவர், ரயிலில் அடிபட்டதாக ஒருவர். செஞ்சிலுவைக்காரரிடம் போய் எழுதிக்கொடுத்தாள். அம்பலவாணர் நகுலேஸ்வரன் என்ற பெயரில் ஜெர்மனியில் ஒருவரும் பதிவில் இல்லை என்று பதில் வந்தது. வேறு எந்தப் பெயரில் தேடுவது? மனிதன் பிறக்கும்போது தகப்பன் பெயரோடு பிறக்கிறான், அதோடுதான் சாகிறான். கிணற்றில் போட்ட கல்லாகக் காரியம் கிடந்தது.

அதைக் கிளறிவிட்டவன் ஸ்ரீபன். போர்கோ வெக்கியோவில் இருக்கும் மன்னார்க்காரி செலஸ்ரீனாவின் தம்பி, ஜெர்மனியில் பஸ் ஓட்டுகிறவன். அக்காவின் மகளுக்குத் தேவாலயத்தில் முதல் நன்மை கொடுக்கிறார்கள் என்று பலெர்மோ வந்திருந்தான். விருந்துச் சாப்பாட்டில் கார்டுக் கதை வந்தது. அவன் கோழிக்காலை வைத்துவிட்டு, அவளைப் பார்த்து ஏதோ பிழை செய்தவன்போலச் சொன்னான்.

"அக்கா, அங்கை கலியாணம் எழுதினால் ரெண்டு பேரும் ஒரே பேரை எடுக்கலாம். பொம்பிளையின்ரை பேரை ஆம்பிளையும் எடுக்கலாம். என்னோடை வேலை செய்த ரெண்டு பெடியள் அப்பிடி மாத்தினவங்கள். நீங்கள் அந்தப் பொம்பிளையின்ரை பேரிலை தேடிப் பாத்தனீங்களோ?"

பார்க்கவில்லை. இருபத்தைந்து வருடமாக அந்தப் பெயர் அவளுக்கு மனப்பாடம். ஆனால் ஒரு ஆண்பிள்ளை பெண்டாட்டியின் பெயரை எடுத்து வைத்துக்கொள்வான் என்று யாருக்குத் தோன்றும்? இத்தாலியில் பெண்கள்கூடக் கட்டின பிறகும் தகப்பன் பெயரோடுதானே இருக்கிறார்கள். 

சாம்பவி அன்று பின்னேரமே கம்ப்யூட்டரைத் திறந்தாள். பெயர்களின் பூர்வீகம் சொல்கிற ஒரு பக்கம் இருந்தது. இம்கர்லோ என்றால் தேனீ வளர்க்கிறவர்களின் காடு என்று பொருளாம். அப்படி ஒரு சிற்றூர் முன்னொரு காலத்தில் இருந்ததாம். ஏதோ ஒரு சண்டையில் எரிந்துபோனதாம், திரும்பக் கட்டவில்லையாம். ஊரிலேயே கிடந்தவனை ஊர்ப் பெயரால் யாரும் கூப்பிடுவதில்லை; ஊரைவிட்டு வெளிக்கிட்டவனுக்குத்தான் அந்தப் பெயர் ஒட்டும். அப்படி வெளிக்கிட்ட ஒன்றிரண்டு குடும்பங்களின் வழியில் வந்தவர்கள் மட்டும் அந்தப் பெயரோடு மிஞ்சியிருக்கிறார்கள். சாம்பவி இத்தாலியனும் தமிழும் கலந்து இதையெல்லாம் ஆசையாகச் சொன்னாள். குகனேஸ்வரிக்கு எரிந்த ஊர்களைப் பற்றிப் புதிதாகப் படிக்க ஒன்றுமில்லை. எத்தனை பேர் இருக்கினம், அதைப் பார் என்றாள்.

கொஞ்சப் பேர்தான். நாடு முழுவதற்கும் ஐம்பது அறுபது பேர் தேறினால் அதிகம் என்றிருந்தது. பக்கத்தில் ஜெர்மனியின் படம். ஒவ்வொரு பெயரும் எங்கெங்கே எவ்வளவு இருக்கிறதென்று நிறம் தீட்டிக் காட்டுகிற படம். படம் முழுக்க வெள்ளை, வடக்கே ஒரு மூலையில் மட்டும் சின்னதாக ஒரு நீலம். எங்கள் ஆட்களின் பெயருக்கு இப்படிப் படம் கீறினால் யாழ்ப்பாணத்திலிருந்து நோர்வே வரைக்கும் மையைக் கொட்ட வேண்டியிருக்கும். இத்தனை குறைந்த சனத்துக்குள் ஒரு மனிதர் ஒளிந்திருக்க முடியாது. அந்த மூலையின் டெலிபோன் புத்தகத்தில் அந்தப் பெயருக்கு நாலைந்து வீடுகள் அகப்பட்டன.

தானே எடுக்கிறேன் என்றாள் சாம்பவி. கண்ணில் ஒரு வெளிச்சம். தகப்பன் முகத்தைப் போட்டோவில் மட்டும் கண்ட பிள்ளை. குகனேஸ்வரி விடவில்லை. உனக்கு அவரின்ரை குரல் தெரியாது, எனக்குத் தெரியும் என்று நம்பர்களை வாங்கிக்கொண்டாள்.

பொலிதேயாமாவில் அவள் வேலை செய்கிற வீட்டில், பகல் சாப்பாட்டுக்குப் பிறகு சிஞோரா, அந்த வீட்டுக் கிழவி, கண்ணயர்வாள். அடுத்த நாள் அந்த நேரம் பார்த்து, கழுவிய கோப்பைகளைத் துடைத்து அடுக்கிவிட்டு, குசினிக் கதவைச் சாத்திக்கொண்டு போனை எடுத்தாள். அவர் செத்திருக்க வேண்டுமென்று நினைக்கிறாளா, இருக்க வேண்டுமென்று நினைக்கிறாளா என்று அவளிடம் கேட்டிருந்தால், சத்தியமாக, இருக்க வேண்டுமென்றுதான் சொல்லியிருப்பாள். பேச்சு வாங்க வேண்டாம், நியாயம் கேட்க வேண்டாம், ஒரு நாள் வந்து பிள்ளைக்குப் பக்கத்தில் நின்றுவிட்டுப் போனால் போதும். அந்த அளவுக்கு மனம் இறங்கியிருந்தது.

அந்த நாட்டில் போனை எடுத்தவுடன் தங்கள் பெயரைத்தான் சொல்கிறார்கள். முதல் வீட்டில் ஒரு கிழவர், "இம்கர்லோ" என்றார். அவள் வைத்துவிட்டாள். அடுத்த வீட்டில் ஒரு சின்னப் பிள்ளை, அதுவும் கீச்சுக் குரலில் "இம்கர்லோ" என்றது. பின்னால் நாய் குரைத்தது. அதற்கடுத்த நம்பரில் மணி அடித்துக்கொண்டே இருந்தது. அவள் இன்னொன்றை அழுத்தினாள்.

யாரோ எடுத்தார்கள். ஒரு சின்னச் செருமல், பிறகு இன்னொன்று கேட்டது. பேச்சைத் தொடங்குமுன் தொண்டையை இரண்டு தரம் செருமிக்கொள்கிற பழக்கம் அவருடைய தகப்பனுக்கும் இருந்தது. அம்பலவாணர் மாமா கூப்பிட்டால் அயல் வீட்டுக்கே அது கேட்கும்.

"இம்கர்லோ," என்றது குரல்.

கொஞ்சம் தடித்திருந்தது, வயது ஏறியிருந்தது. ஆனால் அவர்தான். உயிரோடு இருக்கிறார். ஒரு கணம் அவளுக்கு நெஞ்சு நிறைந்து போனது, பொய் சொல்லக்கூடாது. கோபமெல்லாம் எங்கேயோ போய்விட்டது. புருசனைக் கூப்பிட எங்கள் பெண்களுக்குப் பெயரா இருக்கிறது? அவள் வாயில் வந்தது எப்போதும் வருகிறதுதான்.

"இஞ்சேருங்கோ."

பின்னால் ஒரு பெண் ஜெர்மனில் ஏதோ கேட்டாள், சாப்பிட வரவில்லையா என்பதுபோல. பாத்திரச் சத்தம். ஒரு வீட்டின் சத்தம். குகனேஸ்வரி காத்திருந்தாள். இருபத்தைந்து வருடம் காத்திருந்தவளுக்கு இது எம்மாத்திரம்? எங்களுடைய பிள்ளைக்குக் கலியாணம் என்று சொல்ல அவள் வாயைத் திறந்தபோது அவர் முந்திக்கொண்டார்.

"ஆ ஸ்பாலியாத்தோ நூமெரோ, சிஞோரா."

நம்பர் பிழை, அம்மணி. அவ்வளவுதான், வைத்துவிட்டார்.

ஜெர்மனியில் இருக்கிறவர், தமிழில் கூப்பிட்ட குரலுக்கு, இத்தாலியனில் பதில் சொன்னார். தெரியாத ஆளென்றால் ஜெர்மனில் அல்லவா சொல்லியிருப்பார்? யார் பேசுகிறாள், எங்கேயிருந்து பேசுகிறாள் என்பதெல்லாம் தெரிந்துதான் சொன்னார். பக்கத்தில் நிற்கிறவளுக்கு விளங்காமல், இவளுக்கு மட்டும் விளங்கும்படியாகச் சொன்னார். அதிலே அவள் பட்ட வேதனைக்கு அளவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள். அழுதிருந்தால் தானும் அழுதிருப்பாள். சிஞோரா என்றாரே, வீடு துடைக்கப் போகிற இடத்துக் கிழவியைக் கூப்பிடுகிறதுபோல.

அவள் திரும்ப எடுக்கவில்லை. சிஞோராவுக்குக் கோப்பி போட்டுக் கொடுத்தாள், மருந்து கொடுத்தாள், துணி மடித்தாள். வேலை முடிந்து பஸ்ஸில் ஏறாமல் நடந்தாள். போர்கோ வெக்கியோச் சந்தையில் மீன்காரன் வழக்கம்போலக் கூவிக் கூப்பிட்டான், அவள் நிற்கவில்லை. செலஸ்ரீனா வீட்டு வாசலைக் கடந்தபோது மட்டும் ஏறிச் சொல்லிவிடலாமா என்று தோன்றியது. சொன்னால் ஸ்ரீபனுக்குத் தெரியும், ஸ்ரீபனுக்குத் தெரிந்தால் அவன் காரெடுத்துக்கொண்டு அந்த வீட்டுக்குப் போவான், போனால் சாம்பவிக்குத் தெரிந்துவிடும். செத்துப்போன தகப்பனை நினைத்து ஒரு பிள்ளை அழலாம். உயிரோடு இருந்துகொண்டு நம்பர் பிழை என்ற தகப்பனை வைத்து அந்தப் பிள்ளை என்ன செய்யும்?

ஒரேத்தோவுக்கு வந்து சேர்ந்ததும் தலையில் தண்ணீர் வார்த்தாள். கண்ணாடியைப் பார்க்காமல் நெற்றியைத் தேய்த்துக் கழுவினாள். சாம்பவி வேலையால் வந்து, ஈரத் தலையோடு கதிரையில் இருந்த தாயைக் கண்டு வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"அப்பா செத்துப்போட்டார், பிள்ளை," என்றாள் குகனேஸ்வரி. "நாலு வருசமாம். அங்கை ஒருத்தர் சொன்னவர்."

நாலு வருடம் என்றதும் யோசித்துத்தான். போன வருடம் என்றால் துடக்கு, வருடத் திவசம் என்று கலியாணம் தள்ளிப்போகும். சாம்பவி செருப்பைக் கூடக் கழற்றாமல் வந்து தாயின் மடியில் முகத்தைப் புதைத்தாள். பேசிப் பழகாத ஒரு மனிதருக்காக அப்படி அழுதாள். அதைக் கண்டதும் குகனேஸ்வரிக்கும் அடக்கமுடியவில்லை. பொய்க்காகத் தொடங்கின ஒப்பாரி இல்லை அது. உண்மையாகவே தாலியறுத்தவளாக அவள் அழுதாள். மேல்மாடி சிசிலிக்காரி இறங்கி வந்து, என்ன ஏதென்று கேட்காமல் இருவர் முதுகையும் தடவிக்கொண்டு நின்றாள்.

கொஞ்சம் ஆறின பிறகு சாம்பவிதான் கார்டை நினைத்தாள். "அப்ப நீங்கள் மணவறைக்கு வரேலாதே, அம்மா?"

"நான் பின்னாலை நிண்டு பாக்கிறன். அருளையாவும் பெண்சாதியும் செய்வினம். காலஞ்சென்ற எண்டு அடிக்கச் சொல்லு."

பலெர்மோவிலேயே இருக்கிற அருளையா செய்தி கேட்டு அன்றைக்கே ஓடி வந்தார். நல்ல மனிதர். அண்ணி, அண்ணி என்று சொல்லி அழுதார். கலியாணத்துக்கு முன்னமே ஒரு திவசத்தைச் செய்து ஆத்துமாவைக் கரையேற்ற வேண்டும், தானே ஒரு குறையும் வராமல் நின்று செய்கிறேன் என்றார். அப்போதே ஐயருக்குப் போன் எடுத்தார். ஐயர் ஊர், கோத்திரம் எல்லாம் கேட்டுவிட்டு, செத்தவருடைய பெயரையும் மாதத்தையும் திதியையும் சம்சாரத்தின் வாயாலேயே சொல்லச் சொன்னார். அருளையா போனை அவளிடம் நீட்டினார்.

கலியாணம் கட்டிய நாள் தொட்டு வாயால் சொல்லாத பெயரை அவள் அன்றைக்கு முழுதாகச் சொன்னாள்.

"அம்பலவாணர் நகுலேஸ்வரன். ஆவணி மாசம், வளர்பிறைத் தசமி."

இவ்வளவு துல்லியமாகத் தெரிந்து வைத்திருக்கிறாளே என்று அருளையா தலையை ஆட்டினார். ஐயர் எழுதிக்கொண்டார். அது அவர் பலெர்மோவில் ஜெர்மனிக்கு ரயில் ஏறிய நாளின் திதி. பயணத்துக்கு நல்ல நாளென்று பஞ்சாங்கம் பார்த்து அவளே தெரிந்தெடுத்துக் கொடுத்தது.