தொட்டி அறைச் சாவி

சிவகாசியில் குடிக்கிற தண்ணீருக்கே லாரியை எதிர்பார்த்து நிற்கிறோம். என் வீட்டுக்காரர் மணிகண்டராஜ் அந்த நல்ல தண்ணீரை வாங்கி, உப்பைக் கொட்டிக் கலக்கி, மாடி அறையில் ஒரு கடல் வைத்திருந்தார். பட்டாசுக் கம்பெனி நடத்துகிறவருக்கு இப்படியொரு பைத்தியம். மீன் மட்டும் இருந்தவரை வீடு நிம்மதியாக இருந்தது. பவளம் வாங்க ஆரம்பித்த பிறகுதான் சனியன் பிடித்தது.

மாலையில் கோர்க்கிற பவளம் இல்லை, உயிருள்ளது. கல்லில் ஒட்டிக்கொண்டு விரல் விரலாக அசையும். சென்னைக் கடைக்காரர் ரயிலில் அனுப்ப, இவர் விருதுநகர் ஜங்ஷனில் போய் வாங்கி வருவார். வந்ததும் சூடு சமமாவதற்காகப் பையோடு தொட்டியில் மிதக்கவிட வேண்டும். பிறகு ஒரு பாத்திரத்தில் இறக்கி, மெல்லிய குழாய் வழியாகத் தொட்டித் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விட்டுப் பழக்க வேண்டும். பாத்திரம் என்றால் இவருக்குச் செம்புதான். கம்பெனியில் வெடிமருந்து கலக்கும் மருந்தறையில் இரும்போ பிளாஸ்டிக்கோ உரசினால் பொறி பறக்கும் என்று பயந்து பயந்து, வீட்டிலும் பிளாஸ்டிக் வாளியைக் கண்டால் முகம் சுளிப்பார். சின்னச் செம்பு அண்டாவில் பவளத்தை வைத்து, பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துவிடுவார். நான் பிள்ளை பெற்று வந்தபோது இப்படி உட்கார்ந்ததாக எனக்கு ஞாபகம் இல்லை.

முதலில் வந்தவை விரியவே இல்லை. சுருங்கி, வெளுத்து, நாற்றமெடுத்தன. மீன்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. அது அவர் சந்தேகத்தை இன்னும் கிளறிவிட்டது.

"சேரக்கூடாதது ஏதோ தண்ணியில சேந்திருக்குன்னு கடைக்காரர் சொல்றாரு. யாரோ எதையோ ஊத்தியிருக்காக, லட்சுமி."

யாரோ என்றால் யார்? மகன் ஹாஸ்டலில் படிக்கிறான். வீட்டில் நாங்கள் இருவர், வேலைக்கு வரும் பொன்மணி.

பொன்மணிக்கு ஊர் பக்கத்தில் எம். புதுப்பட்டி. எங்கள் கம்பெனி மருந்தறையில் வேலை செய்தவள். அங்கே தீப்பிடித்து அவள் தங்கையின் கைகள் வெந்துபோன பிறகு, இனி எந்த மருந்தறை வாசலையும் மிதிக்க மாட்டேன் என்றாள். நான்தான் வீட்டு வேலைக்குக் கூப்பிட்டுக்கொண்டேன்.

"அவளுக்கு நம்ம மேல ஒரு காய்ச்சல் இருக்கு. வெளிய காட்டிக்கிட மாட்டா," என்றார்.

தொட்டி அறைக்குப் பூட்டு வந்தது. அதன்பின் பொன்மணி மாடிப்படி ஏறினாலே இவர் எட்டிப் பார்ப்பார். துடைக்கிற தண்ணீரை மோந்து பார்த்தார். எனக்கே பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் அவள் பினாயில் பாட்டிலை எடுத்தபோதெல்லாம் என் கண்ணும் பின்னாலேயே போனது. சந்தேகம் ஒட்டுவாரொட்டி.

இரண்டாம் தடவை வந்தவையும் செத்தன. சாவி சமையலறை ஆணியில் தொங்கியதாம், அது போதும் அவருக்கு. டிரைவர், பக்கத்து வீட்டுக்காரர்கள், அயர்ன்காரர் எல்லோரும் பார்க்க வாசலில் நின்று சத்தம் போட்டார்.

"என்னத்த ஊத்துனன்னு சொல்லிட்டுப் போ. நாளையிலேருந்து வராத."

"நான் அந்தத் தொட்டிப் பக்கமே போகல மொதலாளி," என்று மட்டும் சொன்னாள் பொன்மணி. நான் குறுக்கே பேசியது யார் காதிலும் ஏறவில்லை.

மூன்றாம் பார்சல் வந்தது. சாவி அவர் அரைஞாணிலேயே கிடந்தது. அவையும் வெளுத்தன. அன்று சாப்பிடும்போது இவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

"நான் கம்பெனிக்குப் போன பெறகு நீ மாடிக்குப் போனியா?"

பொன்மணி போனதும் அடுத்து நான்! சோற்றைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தேன். கை கழுவப் பின்கட்டுக்குப் போனால், செம்பு அண்டா கவிழ்ந்தபடி கிடந்தது. வழக்கமாகப் பொன்மணி உடனே புளி போட்டுப் பளபளவென்று தேய்த்துவிடுவாள். இப்போது தேய்க்க ஆளில்லை. நிமிர்த்திப் பார்த்தேன். உப்புத் தண்ணீர் நின்ற மட்டம் வரை பச்சைப் பசேலென்று களிம்பு.

கடைக்காரருக்கு நானே போன் போட்டேன்.

"செம்பா?" அலறாத குறை. "செம்பு விஷம்மா அதுக்கு! மீன் கொஞ்சம் தாங்கும், பவளம் தாங்காது. பிளாஸ்டிக் வாளிதானே எல்லாரும் வைப்பாங்க?"

அண்டாவை அப்படியே கொண்டுபோய் இவர் இலைக்கு முன்னால் வைத்தேன். கடைக்காரர் சொன்னதைச் சொன்னேன். பச்சையை விரல் நகத்தால் சுரண்டிப் பார்த்தார்.

"சரி, அவள வரச் சொல்லு," என்றார்.

மறுநாள் சாயங்காலம் நானே புதுப்பட்டிக்குப் போனேன். வேறொரு கம்பெனியின் வேனிலிருந்து பெண்கள் இறங்கினார்கள். பொன்மணியும் இறங்கினாள். முழங்கை வரை வெள்ளியாக மருந்துப்பொடி. எந்த மருந்தறை வாசலையும் மிதிக்க மாட்டேன் என்றவள்.

"எங்கனயாச்சும் வேலை வேணுமேக்கா," என்றாள், நான் கேட்பதற்குள்.

நடந்ததைச் சொல்லி, வா என்றேன். குழாயடியில் கையைக் கழுவியபடி கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அண்டா பச்சையாகாம இருந்திருந்தா, கடைசி வரைக்கும் நான்தானக்கா கொன்னவ?"

குழாயை மூடிவிட்டு முந்தானையில் கையைத் துடைத்தாள்.

"மொதலாளி வந்து சொல்லட்டும். இங்கன, காலையில வேன் நிக்கிற எடத்துல."

வீடு திரும்பியபோது இவர் வாசலிலேயே நின்றார்.

"வந்துட்டாளா?"

"நீங்க போய்ச் சொல்லணுமாம். காலையில வேன் வந்து நிக்கையில."

"வெள்ளிக்கெழம அடுத்த பார்சல் வருது," என்று தொட்டி அறை ஜன்னலை அண்ணாந்து பார்த்தார். கார் சாவியை அவர் கையில் வைத்து அழுத்தினேன். விரல்கள் மூடவில்லை.

"அம்புட்டுப் பேரு முன்னாலயுமா?"

"அம்புட்டுப் பேரு முன்னாலதான அவள விரட்டுனீக?"