பிடிப்பு

பல் செட்டின் பிடிப்பை அளப்பவர், தன் வாயிலிருந்த மேல்செட்டைக் கழற்றுவதற்காக அதில் கட்டிய கயிற்றின் மறுமுனையை வாசல் தாழ்ப்பாளில் கட்டி, தெருவில் நின்று பின்பக்கமாகச் சாய்ந்தபோது, பல் வரவில்லை. வீடு ஒரு சாண் தெருவுக்கு வந்தது. உள்ளே அடுப்பிலிருந்த பால் கொஞ்சம் சிந்தியது, அவ்வளவுதான்.

பல் ஆஸ்பத்திரியில் அவர் வேலையே இழுப்பதுதான். செட்டின் முன்பல்லில் கொக்கியை மாட்டி, வில் தராசால் இழுத்து, எந்த எண்ணில் கழல்கிறது என்று பார்ப்பார். "அசையக் கூடாது, பேசக் கூடாது, சிரிக்கக் கூடாது" என்பார். மனைவியின் செட்டுக்கு அவரே அளந்து நல்ல எண் கொடுத்திருந்தார். அந்த அம்மாளுக்குச் சிரிப்பு வந்தால் தெருமுனை வரை கேட்கும். ஒருநாள் தன் தங்கை வீட்டில் எல்லாரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது சிரித்தாள். செட்டு குழம்பில் விழுந்தது. இவர் சும்மா இருந்திருக்கலாம். "அளவு சரியாத்தான் இருக்கு, உன் வாய்தான் சரியில்ல. ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்" என்று அத்தனை பேர் முன்னால் சொன்னார். அன்றிலிருந்து அவள் சிரிக்கவில்லை. சில வருஷங்கள் அப்படியே போயின. அந்தச் சிரிப்பு இல்லாமல் அவருக்குச் சோறு இறங்கவில்லை, ஆனாலும் எண்ணை விட்டுக்கொடுக்க மனசு வரவில்லை.

தன் பற்களும் கொட்டியதும், "பிடிப்புன்னா என்னன்னு காட்டுறேன்" என்று தனக்கே ஒரு செட்டு செய்து மாட்டினார். தராசின் முள் கடைசிக் கோட்டைத் தாண்டியது. ஆஸ்பத்திரியே கை தட்டியது. ஒரு வாரம் கழித்து, ஈறு புண்ணாகிக் கழற்றப் பார்த்தபோதுதான் தெரிந்தது, சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொண்டோம் என்று.

இழுக்க இழுக்க வீடு வந்துகொண்டே இருந்தது. கூடம் கோணலானது. எதிர்க்கடைத் தையல்காரர் மிஷினை நிறுத்திவிட்டு, "சார், இன்னொரு இழுப்பு இழுத்தா என் கடைக்குள்ள வந்துடுவீங்க" என்றார். மனைவி வாசற்படியில் வந்து நின்றாள்.

"ஏங்க, எண்ணு எவ்வளவு காட்டுது?"

பதில் சொல்ல வாயைத் திறந்தார். கயிறும் எச்சிலும்தான் வந்தன. கன்றுக்குட்டி மாதிரி சொந்த வீட்டில் கட்டுண்டு நின்ற மனிதரைப் பார்த்தாள். பார்த்தவள் சிரித்துவிட்டாள், தெருமுனை வரை கேட்கும்படி. அவள் செட்டு படியில் விழுந்தது. குனிந்து எடுக்கக்கூட இல்லை, பொக்கை வாயோடு சிரித்துக்கொண்டே இருந்தாள். அதைப் பார்த்ததும் அவருக்குக் கண் கலங்கியது, பிறகு தன்னை நினைத்தே சிரிப்பு வந்தது. செட்டு தானாகவே கழன்று கயிற்றில் தொங்கியது.

"உன் வாய்ல ஒரு குறையும் இல்லம்மா" என்றார். பல் இல்லாததால் குழறியது, அவளுக்குப் புரிந்தது.

வீடு பழைய இடத்துக்குத் திரும்பிப் போகவில்லை. தெரு அந்த இடத்தில் வளைந்து போகிறது, குப்பை வண்டி மணியடித்துவிட்டுத் திரும்பும். ஆஸ்பத்திரியில் இப்போது தராசால் இழுத்து முடித்ததும், நோயாளியை உட்காரவைத்து இந்தக் கதையைச் சொல்கிறார். அந்தச் சிரிப்புக்குப் பிறகும் நிற்கிற செட்டுக்குத்தான் நல்ல எண். பெரும்பாலும் முதலில் விழுவது அவருடையதுதான்.